குறியும் உயிரும்

மனிதன் கண்ட கருவிகளுள் சில அவனுக்கு உணவு தேடித் தந்தன. சில அவனுக்கு ஆட்சியைத் தந்தன. வேறு சில அவனுடைய ஓய்வுப் பொழுதை இனிமையாக்கின. இம்மூன்று பணிகளையும் செய்த கருவி வில். ஈழத்து மண்ணில் அதன் வயது வியப்பூட்டுவது. புளத்சிங்களவுக்கு அண்மையிலுள்ள பாகியன் குகையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்பு முனைகளை ஆராய்ந்த அறிஞர்கள், அவை ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்பு முனைகள் என்று 2020இல் எழுதினார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லம்பு வழங்கியதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் அவையும் சேரும். மரமேறும் குரங்கையும் அணிலையும் வீழ்த்தித் தம் மக்களுக்கு ஊட்டிய மனிதர் கையில் அந்த வில் இருந்தது. நெல்லும் கலப்பையும் எண்ணத்திலும் தோன்றாத காலம் அது.

அதே வில் இன்று ஒரு விளையாட்டுப் பொருளாகவும் இருக்கிறது. மைதானத்தில் வரிசையாக நின்று வட்டப் பலகைக்கு அம்பெய்யும் போட்டி பலரும் அறிந்தது. அதனினும் கடினமானது காட்டுக்குள்ளே நடைபெறும் போட்டி. மேடும் பள்ளமும் ஓடையும் புதருமான வழியில் இருபத்து நான்கு இடங்களில் இலக்குகளை நாட்டிவைப்பார்கள். வில்லாளர் சிறு குழுக்களாக நடந்து சென்று ஒவ்வோர் இலக்குக்கும் மும்மூன்று அம்புகள் எய்வார்கள். சில இலக்குகளின் தூரம் எழுதப்பட்டிருக்கும். சிலவற்றின் தூரத்தை வில்லாளரே கண்ணால் மதித்துக்கொள்ள வேண்டும். மரநிழலும் மலைச்சரிவும் கண்ணை ஏமாற்றும். கீழ்நோக்கி எய்யும் அம்பு ஒரு கணக்கு. மேல்நோக்கி எய்யும் அம்பு வேறு கணக்கு. இவ்விளையாட்டின் உலகப் போட்டி 1969இல் ஐக்கிய அமெரிக்காவில் முதன்முதலாக நடந்தது. இதன் இன்னொரு வகையில் இலக்கு வட்டமாக இராது. மானாகவும் பன்றியாகவும் கரடியாகவும் இருக்கும். காகிதத்தில் வரைந்த உருவங்களும் உண்டு; உயிரளவில் செய்து நிறுத்திய செயற்கை உருவங்களும் உண்டு. அவ்வுருவத்தின் நெஞ்சுப் பகுதியில் ஒரு கோடு வளைத்திருக்கும். கோட்டுக்கு உள்ளே பட்டால் 'கொலை'. வெளியே உடம்பில் பட்டால் 'காயம்'. கொலைக்குப் புள்ளி அதிகம், காயத்துக்குக் குறைவு.

இங்கே ஒரு வினா எழுகிறது. பசியின் கருவியாக இருந்த ஒன்றை எடுத்துப் பசி அறியாதவன் விளையாடுவது எத்தகைய செயல்? உயிரைக் கொல்லும் வித்தையை உயிரில்லாத உருவத்தின்மீது பழகுவது மனிதனை உயர்த்துமா, தாழ்த்துமா? கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வாழும் எமக்கு இக்கேள்வி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். எம் பிள்ளைகளுக்குப் பந்தும் மட்டையும் போதும். மணல் பரந்த கடற்கரை அவர்களுக்கு மைதானம். வில்லைத் தொட்டவர் எம்மிடையே ஒருவர் இருப்பதும் அருமை. எனினும் கேள்வி வில்லோடு நின்றுவிடுவதன்று. குறிபார்த்தல் என்ற செயல் மனித உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதே கேள்வியின் உள்ளீடு. அதை அறியக் கிழக்கிலங்கை மக்களைவிடக் கடமைப்பட்டவர் யார்?

விளையாட்டின் பக்கம் நின்று பேசத் தொடங்குவோம். வில்வித்தைக்கு இஸ்லாமிய மரபில் உள்ள இடம் உயர்ந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வில்வித்தையை ஊக்குவித்ததை ஹதீஸ் தொகுப்புகள் பலவாறு எடுத்துரைக்கின்றன. அவற்றுள் ஒரு நிகழ்ச்சி நினைக்கத்தக்கது. அஸ்லம் குலத்தார் இரு அணியாகப் பிரிந்து அம்பெய்து போட்டியிட்டுக்கொண்டிருந்த இடத்தைக் கடந்தபோது, நபியவர்கள் அவர்களை உற்சாகப்படுத்தி, ஓர் அணியின் பக்கம் தாம் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மற்ற அணியார் எய்வதை நிறுத்திக்கொண்டார்கள். நபியவர்கள் எதிர் அணியில் இருக்கையில் தாம் எய்வது எப்படி என்பது அவர்கள் சொன்ன காரணம். அப்போது நபியவர்கள் தாம் இரு சாராருடனும் இருப்பதாகக் கூறிப் போட்டியைத் தொடரச் செய்தார்கள். போட்டி பகையாகாமல் இருப்பதற்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. உலகின் பிற பகுதியிலும் இம்மரபு தழைத்தது. கொன்ஸ்தாந்திநோபிள் 1453இல் துருக்கியர் வசமான பின்னர் அந்நகரில் வில்லாளருக்கென்றே 'ஒக்மெய்தான்' என்ற பெருவெளி ஒதுக்கப்பட்டது. அங்கே அம்பு சென்று வீழ்ந்த தொலைவைக் குறிக்கக் கல் நாட்டினார்கள். அக்கற்களுட் சில இன்றும் நிற்கின்றன. எந்த உயிரையும் கொல்லாத அம்பின் நினைவுக் கற்கள் அவை.

அதே மரபு ஒரு தடையையும் விதித்தது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை குறைஷி இளைஞர் சிலரைக் கண்டார்கள். இளைஞர்கள் ஒரு பறவையைக் கட்டிவைத்து அதனை இலக்காக்கி எய்துகொண்டிருந்தார்கள். தவறிய அம்பு ஒவ்வொன்றும் பறவைக்கு உரியவனுக்குச் சேரும் என்பது ஒப்பந்தம். எத்தனை ஒழுங்கான விளையாட்டு என்று பாருங்கள்! விதி இருக்கிறது, தண்டம் இருக்கிறது, உடைமையாளனின் சம்மதம் இருக்கிறது. பறவையின் சம்மதத்தை மட்டும் எவரும் கேட்கவில்லை. இப்னு உமரைக் கண்டதும் அவர்கள் சிதறி ஓடினார்கள். உயிருள்ள ஒன்றை இலக்காக ஆக்குபவரை நபியவர்கள் சபித்ததாக அவர் எடுத்துரைத்தார்.

இத்தடையின் நுட்பத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். உணவுக்கான வேட்டை இஸ்லாத்தில் ஆகுமானது. ஹஜ்ஜுக்காக இஹ்ராம் அணிந்தவருக்கு மட்டும் திருக்குர்ஆன் அதனை விலக்கியுள்ளது. ஆகவே சாபத்துக்கு உள்ளானது கொலை என்ற செயல் மட்டுமன்று. உயிரைக் குறியாக மாற்றும் பார்வையே அதற்கு உள்ளாயிற்று. பசித்தவன் மானைக் கொல்லும்போது மான் மானாகவே இருக்கிறது. அதன் உடம்பு வேண்டும். அதன் சுவடு வேண்டும். அது நீர் குடிக்கும் நேரம் தெரிய வேண்டும். விளையாடுபவன் கட்டிவைத்த பறவைமீது எய்யும்போது பறவை பறவையாக இல்லை. அது ஒரு புள்ளி. அப்படியாயின் கட்டிய பறவைக்குப் பதிலாக மரத்தாலோ காகிதத்தாலோ ஓர் உருவத்தை நிறுத்துவது நாகரிகத்தின் முன்னேற்றமே. காட்டு வில்விளையாட்டை இந்த அளவில் நாம் வரவேற்கலாம்.

ஆனால் கேள்வி இத்துடன் தீர்ந்துவிடவில்லை. செயற்கைப் பறவையை இலக்காக நிறுத்திய கதை ஒன்று எமது இலக்கிய மரபிலும் உண்டு. பாரதத்தில் துரோணர் தம் மாணாக்கரைச் சோதிக்க மரக்கிளையில் செய்பறவை ஒன்றை வைத்தார். என்ன காண்கிறாய் என்று தருமனை வினவினார். மரத்தையும் உம்மையும் என் தம்பியரையும் பறவையையும் காண்கிறேன் என்றான் அவன். விலகி நில் என்றார் ஆசிரியர். மற்றவரும் அவ்வாறே சொல்லி விலக்கப்பட்டனர். அருச்சுனன் மட்டும் பறவையின் தலையன்றி வேறெதையும் காணவில்லை என்றான். அவனே எய்யும் உரிமை பெற்றான். ஒருமைப்பட்ட உள்ளத்துக்கு எடுத்துக்காட்டாக எத்தனையோ தலைமுறைகளாக ஆசிரியர்கள் இக்கதையைச் சொல்லி வருகிறோம்.

இக்கதையைப் பத்தாம் வகுப்பில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், மரத்தையும் ஆக்களையும் கண்டது பிழையா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆயினும் பாடப்புத்தகத்தின் வினாப் பட்டியலில் இடம்பெறாத அந்தக் கேள்வியே கதையின் மையக் கேள்வி என்று கருதுகிறேன். தருமன் கண்டது பிழையன்று. மரம் அங்கே இருந்தது. ஆசிரியர் இருந்தார். தம்பியர் இருந்தனர். உள்ளவற்றை உள்ளபடி கண்டவன் தோற்றான். உள்ளவற்றை மறந்தவன் வென்றான். பயிற்சியின் ஒரு கணத்துக்கு இந்த மறதி வேண்டியிருக்கலாம். கண்மருத்துவரின் கத்திக்கும் பொற்கொல்லரின் உளிக்கும் அது வேண்டும். ஆனால் அந்த மறதி ஒரு கணத்தைக் கடந்து வாழ்க்கை முறையாகிவிட்டால் என்ன ஆகும்? பின்னொரு நாள் குருசேத்திரக் களத்தில் அதே அருச்சுனன் எதிரே நின்ற ஆசிரியரையும் பாட்டனையும் உறவினரையும் கண்டு வில்லைக் கீழே போட்டான். சிறுவயதில் மறக்கப் பயின்ற முகங்கள் அப்போது அவன் கண்ணில் பட்டன.

கிழக்கிலங்கை இதனை ஏட்டில் மட்டும் படித்ததன்று. 1983 தொடக்கம் 2009 வரை நடந்த போரிலே குறிபார்க்கும் கண்கள் இம்மண்ணில் பெருகின. 1990 ஆகத்து மாதத்திலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர் சுடப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தவர் கொல்லப்பட்டனர். ஒரு துயரத்தைச் சொல்லி மற்றதை மறைப்பவன் இரண்டையும் அறியாதவன். தொழுபவன் முதுகில் ஒரு தந்தையைக் காணாத கண்ணும், அடைக்கலம் புகுந்தவன் முகத்தில் ஓர் அயலவனைக் காணாத கண்ணும் பறவையின் தலையை மட்டும் காணப் பழகிய கண்களே. வில்விளையாட்டு அத்தகைய கொடுமைக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வது அறிவீனம். குறி என்ற ஒன்றை உள்ளத்தில் அமைக்கும் ஆற்றல் எத்துணைப் பெரியது, எத்துணை எளிதில் தடம்மாறக் கூடியது என்பதை உணர்ந்தவர்களாக விளையாட வேண்டும் என்பதே என் கருத்து.

இனி அந்தக் 'கொலைக் கோட்டை' எடுத்துக்கொள்வோம். முதல் பார்வைக்கு அது அருவருப்பூட்டுகிறது. ஆனால் அதன் தோற்றுவாய் இரக்கம் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல வேடன் காயத்தை அஞ்சுபவன். ஓரம்பில் வீழாத விலங்கு புதருக்குள் ஓடி, நீரின்றி, புண் அழுகிச் சாகும். அது வேடனுக்கு நட்டம், விலங்குக்கு வதை. ஆகவே நெஞ்சில் படும் அம்புக்கு அதிகப் புள்ளியும் விலாவில் படும் அம்புக்குக் குறைந்த புள்ளியும் கொடுக்கும் விதி வேடனின் ஒழுக்கத்திலிருந்து பிறந்தது. இருந்தும் ஒரு வேறுபாடு எஞ்சி நிற்கிறது. வேட்டையில் காயப்படுத்தியவனுக்கு ஒரு கடன் உண்டு. இரத்தத் துளியைப் பின்பற்றி இரவானாலும் அவன் அந்த விலங்கைத் தேடிச் செல்ல வேண்டும். விளையாட்டில் காயப்படுத்தியவன் அம்பைப் பிடுங்கிக்கொண்டு, புள்ளியை ஏட்டில் குறித்துவிட்டு, அடுத்த இலக்குக்கு நடக்கிறான். வேடனின் கணக்கை விளையாட்டு எடுத்துக்கொண்டது. வேடனின் கடனை விட்டுவிட்டது.

வள்ளுவர் அம்பைப் பற்றிச் சொன்ன கருத்துகள் இவ்விடத்தில் துணைசெய்கின்றன. காட்டு முயலைத் தப்பாமல் வீழ்த்திய அம்பைக் காட்டிலும், யானைமீது எறிந்து தவறிய வேலைத் தாங்குவது சிறப்பு என்பது படைச்செருக்கு அதிகாரத்தில் அவர் கூறுவது. பட்டதா தவறியதா என்ற ஒரே அளவை அவர் ஏற்கவில்லை. எதனை நோக்கி முயன்றாய் என்று கேட்கிறார். கூடாவொழுக்கம் பற்றிய அதிகாரத்திலோ, அம்பு வடிவில் நேரானது, செயலில் கொடியது; யாழின் தண்டு வளைந்தது, செயலில் இனியது; மனிதரையும் செயலால் அறிக என்கிறார். விளையாட்டையும் அவ்வாறே அறியலாம். அதன் தோற்றம் கொடிதா இனிதா என்பதை விட்டு, அது யாருக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

யாருக்கு என்ன செய்கிறது? இங்கேதான் வரலாற்றின் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. காட்டில் வில்லேந்தி நடக்கும் இன்றைய விளையாட்டுக்கு ஐக்கிய அமெரிக்காவில் புத்துயிர் ஊட்டியவர்களுள் ஒருவர் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர். அவருக்கு வில்வித்தை கற்பித்தவன் யாகி என்ற பழங்குடியின் கடைசி மனிதன். கலிபோர்ணியாவில் பொன் தேடி வந்த வெள்ளையர் அக்குடியை வேட்டையாடி அழித்தார்கள். எஞ்சிய ஒருவன் 1911இல் பசியோடு ஓரோவில் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அரும்பொருட்காட்சிச்சாலையில் அவனைக் குடியிருத்தினார்கள். தன் பெயரைத் தானே சொல்வது அவன் குலத்தில் வழக்கமன்று. அவனைப் பெயர் சொல்லி அழைக்க அவனுடைய குலத்தார் ஒருவரும் உயிரோடில்லை. ஆகவே மானிடவியல் அறிஞர் குரோபர் அவனை 'இஷி' என்று அழைத்தார். அவன் மொழியில் அதற்கு 'மனிதன்' என்பது பொருள். காட்சிச்சாலைக்கு அருகிலிருந்த மருத்துவமனையில் பணியாற்றிய போப் அவனுக்கு வைத்தியம் பார்த்தார். அவனிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றார். நெடுந்தூரத்து வட்டப்பலகைக்கு எய்வதில் இஷி வல்லவனல்லன் என்று போப் எழுதியிருக்கிறார். விலங்கின் அருகே ஓசையின்றிச் சென்று சேர்வதிலேதான் அவனுடைய வல்லமை இருந்தது. முயலைப் போல ஒலியெழுப்பி முயலைத் தன்னிடம் வரச்செய்வான். 1916இல் சயரோகத்தால் இஷி இறந்தான். போப் எழுதிய வேட்டை நூல் 1923இல் வெளிவந்து ஒரு தலைமுறையையே வில்லின் பக்கம் ஈர்த்தது.

பின்கதை இன்னும் கசப்பானது. இறந்த இஷியின் மூளை வெட்டியெடுக்கப்பட்டு வாஷிங்டன் நகரத்து ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. 2000ஆம் ஆண்டிலேதான் அது அவனுடைய உறவுக் குடிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1961இல் வில்வேட்டைக்காரர் அமைத்த சங்கம் ஒன்று, போப்பின் பெயரையும் அவருடைய தோழர் யங்கின் பெயரையும் சூட்டிக்கொண்டது. கற்ற இருவர் பெயரும் அதில் உண்டு. கற்பித்தவன் பெயர் இல்லை. ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டவர் கற்பிக்காத ஆசிரியர். இங்கே கற்றவர் உலகம் ஆசிரியனின் மூளையையே எடுத்துக்கொண்டது. செய்பறவைச் சோதனையும் ஏகலைவன் கதையும் பாரதத்தில் ஒரே பருவத்தில் அடுத்தடுத்து வருவது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் காட்டின் பிள்ளையை விலக்கிவிட்டு அரண்மனைப் பிள்ளை மரத்துப் பறவையை எய்து பழகுவது என்ற அமைப்பு தற்செயலன்று. அது வரலாற்றிலே திரும்பத் திரும்ப நிகழ்வது.

எம் வாசலுக்கு வருவோம். கல்முனையிலிருந்து மேற்கே நோக்கினால் வயல், வயலுக்கப்பால் காடு, காட்டுக்கப்பால் மலை. அந்தக் காடு நெடுங்காலம் வேடரின் வீடு. 1681இல் நூல் எழுதிய றொபேட் நொக்ஸ் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அம்பு தேவைப்பட்ட வேடர் இரவிலே கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவத்தை இலையில் வெட்டி அதனுடன் வைத்துச் செல்வார்கள். கொல்லன் அவ்வாறே செய்துவைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிடின் இருளில் அம்பு வரும். மொழி பேசாத, முகம் காணாத உறவு அது; அச்சமும் அதில் உண்டு, நம்பிக்கையும் உண்டு. இக்கரையிலிருந்து மாடுகளின்மேல் உப்பும் கருவாடும் ஏற்றித் தவளம் நடத்திய முஸ்லிம் வணிகரும் அக்காட்டு வழிகளில் நடந்தவர்களே. காட்டுக்கும் கரைக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது. ஒருவரின்றி மற்றவர் முழுமையாக இல்லை.

பின்னர் வெள்ளையர் துப்பாக்கியோடு வந்தனர். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் றொஜேர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். சாமுவேல் பேக்கர் தம் வேட்டைகளை நூலாக்கி 1854இல் வெளியிட்டார். பசியில்லாத வேட்டையின் உச்சம் அது. காடு வெறுமையாகத் தொடங்கிய பிறகு சட்டம் வந்தது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தேவையான சட்டமே. ஆனால் யானைகளை நூற்றுக்கணக்கில் சுட்டவர்களையும் உடும்பு பிடித்து உண்டவர்களையும் ஒரே தடைக்குள் அது நிறுத்தியது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை எழுந்தது; சேனநாயக்க சமுத்திரம் பரந்தது. எம் வயல்களுக்கு நீர் வந்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அந்நீரின் அடியில் வேடரின் வேட்டைக் காடு கிடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1911இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட நூலில் காணப்படும் அப்பள்ளத்தாக்கு வேடர் கூட்டங்கள் சிதறின. 1954இல் கல்லோயாத் தேசிய வனம் உண்டாயிற்று. 1983இல் மாதுறு ஓயாத் தேசிய வனம் உண்டானபோது தம்பானை வேடரைக் காட்டிலிருந்து குடியேற்றத்துக்கு மாற்றினார்கள். முதியவர் திசாகாமி மட்டும் மறுத்துத் தம் இடத்திலேயே வாழ்ந்து 1998இல் மறைந்தார். அவருடைய மகன் வன்னில எத்தோ தலைமை ஏற்றார். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் வைத்திருந்த வேடர் மண்டையோடுகள் ஒன்பது 2019இல் அவரிடம் கையளிக்கப்பட்டன. இஷிக்கு நேர்ந்தது தொலைதேசத்துக் கதையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அம்பாறை மாவட்டத்துப் பொல்லெபெத்தை, றம்பக்கன் ஓயாப் பகுதியில் சோளச் செய்கைக்காகக் காடு வெட்டப்பட்டதை எதிர்த்து 2020இல் வன்னில எத்தோ மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார். அம்பெய்யும் கை மனு எழுத நேர்ந்தது. தம்பானையிலோ உல்லாசப் பயணிகளுக்கு வேடர் வில் வளைத்துக் காட்டுகிறார்கள்; பயணிகளும் வாங்கி ஓரிரு அம்பு எய்து, சிரித்து, படம் பிடித்துச் செல்கிறார்கள். வேட்டை மறுக்கப்பட்டவன் வேட்டையின் வேடத்தைப் போட்டுப் பிழைக்கிறான். உழைப்பாக இருந்தது காட்சியாயிற்று. வில் கையை விட்டுப் போகவில்லை. அதன் பொருள் போய்விட்டது.

அப்படியானால் வில்விளையாட்டே வேண்டாம் என்பதா? அன்று. பழங்குடிப் பிள்ளைக்கு அதே விளையாட்டு ஒரு வாயிலாகவும் அமைந்தது உண்டு. இராசத்தானத்து உதயப்பூர் மாவட்டத்திலே ஆகாரிப் பழங்குடியிற் பிறந்த லிம்பா ராம் மூங்கில் வில்லால் சிறு பறவைகளை வீழ்த்திப் பழகியவர். 1987இல் அரசின் விளையாட்டு அதிகாரிகள் அவரைத் தெரிந்தெடுத்தனர். மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் அவர் கலந்துகொண்டார். 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் உலகச் சாதனையைச் சமன்செய்தார். அவருக்கு 1991இல் அளிக்கப்பட்ட விருதின் பெயர் அருச்சுன விருது. பயிற்றுவிப்போருக்கு இந்திய அரசு வழங்கும் விருதின் பெயர் துரோணாச்சாரிய விருது. காட்டின் பிள்ளை வென்றபோதும் அவன் மார்பில் அரண்மனைப் பிள்ளையின் பெயரே குத்தப்படுகிறது. எனினும் அந்தக் கட்டைவிரல் இம்முறை வெட்டப்படவில்லை என்பதை நாம் மகிழ்ந்து ஏற்கலாம். விளையாட்டு நீதிக்கும் இடங்கொடுக்கும். யாரை உள்ளே விடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

தேவை ஒழிந்த இடத்தில்தான் விளையாட்டுப் பிறக்கிறது. பசிக்கு எய்தவன் மகிழ்ச்சிக்கு எய்யும் நிலைக்கு வருவது மனிதகுலத்தின் விடுதலை. அந்த விடுதலை எல்லார்க்கும் உரியதாக வேண்டும் என்பதே எம் போன்றோரின் விருப்பம். ஆனால் ஒருவனுடைய தேவையைச் சட்டத்தால் தடுத்து, அவன் நிலத்தைப் பறித்து, அவன் கருவியை வாங்கி அந்த நிலத்திலேயே மற்றொருவன் விளையாடுவானாயின் அது விடுதலையன்று. வேட்டையின் இன்னொரு வடிவம். அங்கே இலக்காக நிற்பது காகித மான் அன்று. கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ஒரு மக்கட்கூட்டம்.

நாளை எம் பாடசாலைப் பிள்ளைகள் இங்கினியாகலைக் காட்டோரத்தில் வில்லேந்தி நடக்கும் காலம் வரலாம், வரட்டும். உயிருள்ள எதனையும் அவர்கள் குறியாக்காதிருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. அவர்களுக்குக் கற்பிக்க ஒரு வேடப் பெரியவர் வருவாராயின், அவர் காட்சிப் பொருளாக அன்றி ஊதியமும் மதிப்பும் பெறும் ஆசிரியராக வர வேண்டும். அவருடைய காட்டுரிமையைக் கேட்கும் குரலில் எம் குரலும் சேர்ந்திருக்க வேண்டும். கொல்லன் பட்டறையில் இலையை விட்டுச் சென்றவனுக்கு இக்கரை பட்டிருக்கும் கடன் அது.

இவ்விளையாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. இலக்கைத் தவறிய அம்பு காட்டுக்குள் போய்விடும். எய்தவன் வில்லை வைத்துவிட்டு அதனைத் தேடப் போவான். தோழரும் உடன் தேடுவார்கள். அப்போது அவன் குனிந்து சருகை விலக்குகிறான், வேரைக் காண்கிறான், குளம்புச் சுவட்டைக் காண்கிறான், மரத்தையும் அதன் நிழலில் நிற்கும் மனிதரையும் காண்கிறான். குறி தவறிய அந்தச் சில நிமிடங்களில் அவன் தருமனின் கண்ணைப் பெறுகிறான். வென்றவனுக்குக் கேடயம் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். மரத்தையும் ஆட்களையும் கண்டது பிழையா என்று கேட்ட மாணவனுக்கு, பிழையில்லை, அதைக் காணத் தெரிந்தவனிடமே வில்லைக் கொடுக்கலாம் என்று ஆசிரியராகிய நாம் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.